போருக்குப் பிந்திய எஸ்தோனியா: ஷேல் கல்லை எண்ணெயாக்காமல் கேஸாக்கியது ஏன்?

மண்வெட்டி எழுதியது:

வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எரிபொருள் பஞ்சத்தை யார் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். எஸ்தோனியாவில் வந்து சிக்கிக்கொண்டது.

1924 முதல் ஆயில் ஷேலிலிருந்து எண்ணெய் எடுத்துப் பழகிய நாடு. 1930-களில் ஷேல் பெட்ரோல்கூட விற்றார்கள். 1944 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் பின்வாங்கும்போது ஆலைகளையும் சுரங்கங்களையும் தகர்த்துவிட்டுப் போனார்கள். அதன்பின் சோவியத் அரசு பெரும்பணம் கொட்டியது எண்ணெயில் இல்லை, கேஸில். 1948-ல் ஷேல் ஆலை ஊரான கோஹ்த்லா-யார்வேயிலிருந்து லெனின்கிராடுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) சுமார் 200 கி.மீ. குழாய் போட்டு ஷேல் கேஸ் அனுப்பினார்கள். வண்டி ஓட்டப் பெட்ரோலுக்கே திண்டாடிய காலத்தில் எண்ணெய் தரும் கல்லைக் கேஸாக்கியது ஏன்? ஒரு டன் கல்லில் என்னதான் கிடைக்கும்? கல்லைக் காற்றுப் படாமல் வேகவைக்கும் ரிடார்ட் உலையில் எது எதில் கோளாறு வரும்? விறகு கேஸ், பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் மக்கிய தாவர எரிபொருள்) போன்ற மாற்றுகள் எவ்வளவு தூரம் கைகொடுத்தன? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

உலைமூக்கு எழுதியது:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காவிரி டெல்டா போராட்டங்களில் அடிபட்ட ‘ஷேல் கேஸ்’ வேறு, இது வேறு. அது ஆழத்துப் பாறை இடுக்கில் ஏற்கெனவே வாயுவாகவே இருப்பது; பாறையை நொறுக்கி வெளியே விடுகிறார்கள். ஆயில் ஷேலில் எண்ணெயும் கிடையாது, கேஸும் கிடையாது. கெரோஜன் என்ற திடப்பொருள் கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கிறது. காற்றுப் படாமல் 500 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் அது உடைந்து எண்ணெய் ஆவியும் கேஸுமாக வரும்.

எஸ்தோனியக் கல்லுக்கு குக்கர்சைட் என்று பெயர். உலகத்து ஷேல்களில் நல்ல ரகம். அப்படியும், சுரங்கத்திலிருந்து ஆலைக்கு வரும் கல்லில் கிலோவுக்கு 8 முதல் 9 மெகாஜூல் வெப்பம்தான். நல்ல நிலக்கரியில் 25. காய்ந்த விறகிலேயே 14, 15 இருக்கும். அதாவது இந்தக் கல் எடைக்கு எடை விறகைவிட மட்டம்! எரித்தால் பாதிக்குப் பாதி சாம்பல். ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்ய மூன்று டன் ஷேல் வேண்டும், ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் அள்ள வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது. கல்லை ரயிலில் ஏற்றி லெனின்கிராடுக்கு அனுப்பினால் பாதி வண்டி சாம்பலைத்தான் சுமக்கும். சாம்பலைச் சுரங்கத்து வாசலிலேயே விட்டுவிட்டு, எரிகிற பாகத்தை மட்டும் வெளியே அனுப்ப மூன்று வழிதான்: எண்ணெய், கேஸ், மின்சாரம்.

எண்ணெய்க் கணக்கு: செங்குத்து ரிடார்ட்டில் நல்ல கல்லுக்கு எடையில் 17 விழுக்காடு அளவு எண்ணெய். ஆறு டன் கல்லுக்கு ஒரு டன் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் கல் எவ்வளவு தரும் என்று பார்க்க ஃபிஷர் சோதனை இருக்கிறது. நொறுக்கிச் சலித்த 100 கிராம் தூளை மூடிய குடுவையில் போட்டு, நிமிடத்துக்கு 12 டிகிரி வீதம் 500 வரை ஏற்றி, 40 நிமிடம் அங்கேயே நிறுத்தி, வடிந்த எண்ணெயையும் நீரையும் அளப்பது. ஆலையில் செங்குத்து ரிடார்ட் இந்த அளவில் 75 முதல் 80 விழுக்காட்டைத்தான் எட்டும். சோதனைக்கூட எண்ணை நம்பித் திட்டம் போட்டால் கால் பங்கு எண்ணெய் காகிதத்திலேயே நின்றுவிடும்.

இனி கோளாறுகள். ரிடார்ட் என்பது உள்ளே செங்கல் பூசிய நெட்டுக்குத்தான உருளை. மேலே கல்லைக் கொட்டுகிறோம், நடுவில் சூடான கேஸ் கல்லை ஊடுருவிப் போகிறது, எண்ணெய் ஆவி ஒரு பக்கம் வெளியேறிக் குளிர்விப்பானுக்குப் போகிறது, வெந்த கல் கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீர்தான் காற்று உள்ளே புகாமல் தடுக்கும் மூடி.

எல்லாம் கல்லின் அளவில் நிற்கிறது. முக்கால் ஜல்லியிலிருந்து தேங்காய் அளவு வரை, அதாவது 25 முதல் 125 மி.மீ. வரை போகலாம். தூள் கலந்தால் இடுக்குகள் அடைபட்டு, கேஸ் தனக்கென்று ஒரு சந்து கண்டுபிடித்து அதிலேயே ஓடும். சந்தின் ஓரத்துக் கல் கருகும், தள்ளியிருக்கும் கல் வேகாமலே இறங்கும்.

குக்கர்சைட்டுக்கென்று தனியாக ஒரு வம்பும் உண்டு. 350 முதல் 400 டிகிரிக்குள் அதன் கெரோஜன் மெழுகு மாதிரி இளகும். அந்த நேரத்தில் மேலிருந்து எடை அழுத்தினால் கற்கள் வெல்லப்பாகில் விழுந்த கடலை போல ஒட்டிக் கட்டியாகி, உருளையின் குறுக்கே பாலம் கட்டிக்கொள்ளும். கீழே வெற்றிடம், மேலே தொங்கும் பாரம். அது திடீரென்று சரிந்தால் அழுத்தம் எகிறித் தண்ணீர் மூடி உடையும், காற்று புகும், அதன்பின் வெடிப்புதான். அதனால் இளகும் பகுதியைக் கல் சீக்கிரம் கடக்கும்படி வெப்பத்தை வைக்க வேண்டும், கல் படுகையை மெல்லியதாக வைக்க வேண்டும்.

மறுபக்கம், வெப்பம் மிஞ்சி ஓரிடத்தில் 900-ஐத் தாண்டினால் கல்லிலிருக்கும் சுண்ணாம்புக்கல் சிதைந்து வெப்பத்தை உறிஞ்சும், சாம்பல் உருகிச் சுவரில் கிளிங்கராக, அதாவது கெட்டிக் கட்டியாக ஒட்டும். கிளிங்கர் பிடித்த உலையை ஆறவிட்டு, ஆள் இறங்கிக் கடப்பாரையால் பெயர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சல்லடை எழுதியது:

உலைமூக்கு சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. சுரங்கத்தில் வெட்டும்போதும் நொறுக்கும்போதும் பெரும் பங்கு தூளாகத்தான் வரும். 25 மி.மீ.க்குக் கீழே போனது செங்குத்து ரிடார்ட்டுக்கு ஆகாது. அதை என்ன செய்வது? போருக்குப் பின் அவர்கள் எடுத்த முடிவுகளில் பாதிக்குக் காரணம் இந்தத் தூள்தான்.

கட்டி கல் எண்ணெய்க்கும் கேஸுக்கும், தூள் பாய்லருக்கும் என்று பிரிந்தது. 1949-ல் கோஹ்த்லா-யார்வே, 1951-ல் அஹ்த்மே என்று ஷேலை மாவாக அரைத்து எரிக்கும் அனல்மின் நிலையங்கள் வந்தன. 1959-ல் தொடங்கிய பால்டி நிலையமும் அதன்பின் வந்த எஸ்தி நிலையமும் இதே வழிதான். தூளிலிருந்தே எண்ணெய் எடுக்கும் கலோட்டர் முறை 1950-களில் சோதனையாகத்தான் கிளம்பியது. அதில் வெந்த சாம்பலையே 800 டிகிரி வரை சூடாக்கித் தூளோடு கலப்பார்கள். கலவை 500-க்கு வரும், எண்ணெய் ஃபிஷர் அளவில் 85-90 விழுக்காடு வரை போகும். நர்வாவில் பெரிய அளவில் ஓடத் தொடங்கியது 1980-ல்தான். ஆக, 1945-ல் நின்று பார்த்தால் தூளை எரிப்பது ஒன்றே வழி.

எரிப்பதிலும் நிம்மதி இல்லை. முதலில் ஓட்டியவை நிலக்கரிக்கென்று வரைந்த பாய்லர்கள். ஷேல் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், கூடவே பொட்டாசியமும் குளோரினும். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்மேல் முதலில் மாவு மாதிரிப் படியும். கந்தகத்தோடு சேர்ந்ததும் அதுவே சிமென்டாக இறுகும். நீராவி ஊதினால் உதிராது. சம்மட்டியால் அடிக்கும் அதிர்வு, மேலிருந்து இரும்புக் குண்டுகளைக் கொட்டுவது, தண்ணீரைப் பீய்ச்சுவது என்று பலதும் செய்தார்கள். இதில் இன்னொரு சங்கடம்: படிவை முழுக்கச் சுரண்டிவிட்டால் குழாயின் பாதுகாப்புத் தோலும் சேர்ந்து போய்விடும், குளோரைடு நேரே இரும்பைத் தின்னும். சுரண்டினாலும் கேடு, விட்டாலும் கேடு. கடைசியில் நீராவி வெப்பநிலையை வரைந்த அளவுக்குக் கீழே இறக்கித்தான் ஓட்ட வேண்டி வந்தது. வெப்பம் குறைந்தால் மின்சாரமும் குறையும் என்று தெரிந்தேதான்.

அதுசரி, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கேஸ் குழாயைப் புத்திசாலித்தனம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல எண்ணெய் ஆவியைக் கூடுதல் வெப்பத்தில் சிதைத்து அடுப்புக் கேஸாக்குவது பாலைத் திரித்துத் தண்ணீர் எடுப்பது மாதிரி.

பழைய பாய்லர் எழுதியது:

நண்பர் சல்லடை, பால் யாருக்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். சோவியத்துக்குப் பாகூ எண்ணெய் இருந்தது, வோல்கா வயல்களும் திறந்துகொண்டிருந்தன. ஷேல் எண்ணெய் பெட்ரோலுக்கு மோசமான மூலம். இலேசான பகுதி குறைவு, அதிலும் நிறைவுறாத சேர்மங்கள் நிறைய. தொட்டியில் சில வாரம் கிடந்தாலே பிசின் கட்டிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். அமிலத்திலும் காரத்திலும் கழுவினால் தேறும், ஆனால் கழுவுவதிலேயே கணிசமாகப் போய்விடும். கன எண்ணெய்தான் அதன் பலம்: பாய்லருக்கு, ரயில் கட்டைக்குப் பூச, ரோட்டுக்குத் தார் போட. போரின்போது ஜெர்மன் கடற்படை இதற்கு ஆலாய்ப் பறந்ததும் கன எண்ணெய்க்காகத்தான்.

லெனின்கிராடின் பஞ்சம் பெட்ரோல் பஞ்சம் அல்ல, அடுப்புப் பஞ்சம். 1944 ஜனவரியில் முற்றுகை விலகிய நகரம். வீடுகள் விறகில் ஓடின. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ரயில் ரயிலாக விறகு வர வேண்டும், அதற்கு வெட்ட ஆள், இழுக்க எஞ்சின், ஏற்ற வேகன். குழாய் ஒன்று போட்டுவிட்டால் அத்தனை வேகனும் வேறு வேலைக்கு மிஞ்சும். 1953-ல் தாலினுக்கும் இதே கேஸ் போனது.

செய்முறை இப்படி: நெட்டான அறை உலையில் கல்லை வெளிச்சுவர் வழியாக 700-800 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். எண்ணெய் ஆவி அந்தச் சூட்டிலேயே உடைந்து கேஸாகும். கூடவே பென்சீன், டொலுயீன் கிடைக்கும். உலைச் சுவரைச் சூடாக்கவும் தனியாகக் கேஸ் உற்பத்தி வேண்டும், அது செலவுக் கணக்கில்.

நீளக் குழாயில் அனுப்பும்போது தொல்லை கேஸில் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வருவதில். ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுக்காவிட்டால் குழாயை அரிக்கும், அடுப்படியில் நாறும். அக்காலத்துக் கேஸ் ஆலைகளில் இரும்பு ஆக்சைடை மரத்தூளோடு கலந்து தட்டுகளில் பரப்பி, அதன் வழியே கேஸை விடுவார்கள். கலவை கறுத்துவிட்டால் வெளியே அள்ளிக் காற்றில் ஆறவிட்டு மறுபடி போடலாம். காற்றில் அதுவே சூடேறித் தீப்பிடிக்கும், அதனால் மெல்லியதாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது ஈரம். சூடான கேஸ் குளிர்ந்த மண்ணுக்குள் போனதும் தண்ணீரும் இலேசான எண்ணெயும் வடிந்து தாழ்ந்த இடங்களில் தேங்கும். அந்தந்தத் தாழ்விலும் வடிசட்டி வைத்து முறைபோட்டு உறிஞ்ச வேண்டும். விட்டால் குளிர்காலத்தில் உறைந்து குழாயையே அடைக்கும். நாஃப்தலீன் இன்னொன்று. ஆவியாக வந்து வளைவுகளில் வெள்ளைப் பொடியாகப் படியும். அந்துருண்டையில் உள்ள அதே சாமான்தான்.

இந்தக் கேஸில் கார்பன் மோனாக்சைடு உண்டு. வீட்டுக்குள் கசிந்தால் உயிர்ப்பலி. இன்றைய இயற்கை எரிவாயுவை மனதில் வைத்து எழுதிவிடாதீர்கள்.

சல்லடை சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. 1959-ல் இயற்கை எரிவாயு லெனின்கிராடை எட்டியதுமே ஷேல் கேஸின் பொருளாதாரம் ஆட்டங்கண்டுவிட்டது. ஆனாலும் உற்பத்தி 1987 வரை இழுத்தது.

கரிமூட்டம் எழுதியது:

ஜெர்மனி பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும். 1944-ல் வூர்ட்டம்பெர்க் பக்கம் ‘பாலைவனம்’ என்ற மறைபெயரில் பத்து ஷேல் ஆலைகள் திட்டமிட்டார்கள். அங்கே கல்லில் எண்ணெய் 5 விழுக்காட்டுச் சில்லறை. ரிடார்ட் கட்ட இரும்பில்லை, நேரமில்லை. நம்மூரில் கரிமூட்டம் போடுவார்களே, அதே போல வெட்டவெளியில் ஷேலைக் குவித்து, பீட்டால் மூடி, அடியில் குழாய் வைத்துப் புகையவிட்டு உறிஞ்சினார்கள். மூட்டத்தில் கரி தேறும், ஏனென்றால் கரி உள்ளேயே நிற்கிறது. எண்ணெய் ஆவியோ வெளியேறும் பொருள், காற்றுப் பட்ட இடத்தில் எல்லாம் எரிந்துபோகும். ஒரு டன் எண்ணெய்க்கு சுமார் 35 டன் கல் போனது. குக்கர்சைட்டின் ஆறு டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்காக ஏழு வதைமுகாம்கள், 3,500-க்கும் மேற்பட்ட கைதிகள் சாவு. எஸ்தோனியாவிலும் 1943-44-ல் வைவரா என்ற ஜெர்மானிய வதைமுகாமின் கிளைகள் ஷேல் வேலைக்கென்றே கிவியிலி, எரெடா பக்கம் இருந்தன. போருக்குப் பின் கோஹ்த்லா-யார்வே வீடுகளைக் கட்டியதிலும் ஜெர்மன் போர்க்கைதிகள் உண்டு. உற்பத்திக் கணக்கு எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

சுவீடன் நேர்மாறு. க்வார்ன்டார்ப்பில் 1942 முதல் 1966 வரை எடுத்தார்கள். அதில் ல்யுங்ஸ்ட்ரோம் முறை கல்லைத் தோண்டாமலே எடுப்பது. அறுகோண அமைப்பில் 2.2 மீட்டருக்கு ஒரு துளை, துளைக்குள் மின்சூடேற்றி, ஐந்து மாதம் விடாமல் சூடு. நடுத்துளை வழியே ஆவியை இழுப்பது. நீர்மின்சாரம் மிஞ்சும் நாட்டில்தான் இது கட்டும். அனல்மின்சாரத்தில் செய்தால் எரித்ததைவிட எடுத்தது குறைவாகிவிடும்.

இனி விறகு கேஸ். வண்டியிலேயே ஒரு சிறு உலை வைத்து, விறகை அரைகுறையாக எரித்து, அதில் வரும் கேஸில் இயந்திரத்தை ஓட்டுவது. போர்க்காலச் சுவீடனில் 70,000-க்கு மேல் வண்டிகள் இதில் ஓடின. சோவியத்தில் காஸ்-42, ஸிஸ்-21 லாரிகள் இதற்கென்றே வந்தன. கணக்கு: மூன்று கிலோ காய்ந்த விறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். இயந்திரத்தின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், ஏனென்றால் கேஸில் பாதி வெறும் நைட்ரஜன். 50 குதிரைத்திறன் முப்பது சொச்சத்துக்கு இறங்கும். பற்றவைப்பை முன்தள்ளி, அமுக்க விகிதத்தைக் கூட்டினால் கொஞ்சம் மீட்கலாம்.

கோளாறு வருவது முக்கால்வாசி விறகில்தான். ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் உலைக் கழுத்து 1,000 டிகிரிக்குக் கீழே இறங்கும், தார் உடையாது, உடையாத தார் இன்டேக் வால்வில் ஒட்டி மறுநாள் காலை வால்வு அசையாது. துண்டு தீப்பெட்டி அளவுக்கும் கைமுட்டி அளவுக்கும் இடையில் இருக்க வேண்டும். சிராய் போட்டால் அடைக்கும், பெரிய கட்டை போட்டால் தொங்கிக்கொள்ளும். கிளப்பும்போது முதலில் விசிறியால் இழுத்து, வெளிக்குழாய் வாயில் கொளுத்திப் பார்ப்பார்கள். சுடர் அணையாமல் நின்றெரிந்தால் மட்டும் இயந்திரத்துக்குத் திருப்பலாம். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யவே கூடாது. கேஸில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, வாசனையும் இல்லை.

பீட்: லெனின்கிராடு மின் நிலையங்கள் போருக்கு முன்பே பீட்டை எரித்தவை. தோண்டும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயிலில் 40 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால்தான் எரியும். ஆக வெட்டுவது கோடையில் சில மாதம், அந்தக் கோடை மழையாகிவிட்டால் அடுத்த குளிர்காலம் திண்டாட்டம். ஷேலுக்குப் பருவம் கிடையாது. ஆனால் சுரங்கத்தில் நீர் ஊற்று அதிகம். சுண்ணாம்புப் பாறை பூமி, பம்பு நின்றால் சுரங்கம் மூழ்கும். 1944-ல் கிடைத்தவையும் மூழ்கிய சுரங்கங்கள்தான். தண்ணீர் இறைக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கல் வேண்டும், கல்லுக்குத் தண்ணீர் வடிய வேண்டும்.

மண்வெட்டி எழுதியது:

அருமை, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பாதிக்குப் பாதி சாம்பல் என்றால் அது எங்கே போனது? இடிந்த ஊரைக் கட்ட செங்கல், சிமென்ட் எல்லாம் பஞ்சமாக இருந்திருக்குமே, அதற்கு ஆகாதா?

சல்லடை எழுதியது:

இரண்டு சாம்பலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிடார்ட்டிலிருந்து இறங்குவது அரைக்கரி: கறுப்பு, உள்ளே இன்னும் எரியும் கரிமமும் ஃபீனாலும் மிச்சம். கோஹ்த்லா-யார்வேயிலும் கிவியிலியிலும் மலைமலையாகக் குவிந்திருப்பது அதுதான். மழை பட்டால் சோப்புத் தண்ணீரைவிடக் காரமான நீர் வடியும், உள்ளே தானாகத் தீப்பிடிக்கும். கட்டடத்துக்கு ஆகாது.

பாய்லர் சாம்பல் வேறு. அதற்குச் சிமென்டு குணம் உண்டு, அரைத்தால் தானே இறுகும். அதை வைத்துக் கட்டைக்கல் வார்த்தார்கள். இடறுவது ஒரே இடத்தில்: 1,000 டிகிரிக்கு மேல் வெந்த சுண்ணாம்பு அதில் 10 முதல் 20 விழுக்காடு தனியாக நிற்கும். மிஞ்சி வெந்ததால் தண்ணீர் பட்டதும் நீறாது. சுவர் எழும்பிப் பூச்சும் பூசிய பிறகு நிதானமாக நீறி ஊதும். சுவரில் மயிரிழை வெடிப்பு, பிறகு பூச்சு பெயரும். அதனால் சாம்பலை நனைத்துக் குவித்துப் பழுக்கவிட வேண்டும், அல்லது வார்த்த கல்லை அழுத்த நீராவியில் வேகவைத்து உள்ளேயே நீறச் செய்ய வேண்டும். சோதிப்பது எளிது: சாம்பல் களியை வடை மாதிரித் தட்டி, ஒருநாள் இறுகவிட்டு, மூன்று மணி நேரம் கொதிநீரில் போடுங்கள். ஓரம் வெடித்தாலோ வளைந்தாலோ குவியல் இன்னும் பழுக்கவில்லை.

குன்டா சிமென்ட் ஆலை 1921 முதலே வேறு வழியில் போயிற்று. ஷேலைச் சூளைக்குள்ளேயே எரித்தார்கள். சாம்பல் தனியாக வெளியே வராது. கல்லிலிருக்கும் சுண்ணாம்பும் களிமண்ணும் சிமென்ட் கிளிங்கரிலேயே (அரைத்தால் சிமென்டாகும் கட்டி) சேர்ந்துவிடும். சாம்பலின் சேர்மானம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், சூளைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் கலவையை அதற்கேற்ப ஒவ்வொரு லோடுக்கும் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.